அக்காவின் ரத்தத்தில் இருந்த பூசண நஞ்சு

அக்காவுக்குச் சர்க்கரை கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன அளவுக்கு நான் வேறெதையும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக வேதியியல் எடுக்கிறேன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவள்தான். ஆனாலும் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. கிட்னி போய்விட்டது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, சர்க்கரையா என்றுதான். இல்லை என்றால் பிரஷரா என்பார்கள். அதுவும் இல்லை என்றால் நம் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எதையோ மறைக்கிறோம் என்று அந்தப் பார்வை சொல்லும்.

அக்காவும் அத்தானும் குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு மெஸ் நடத்தினார்கள். என் வீடு குத்துக்கல்வலசையில். பஸ்ஸில் போனால் அரைமணி நேரத்துக்குள் அவர்கள் வாசலில் இறங்கிவிடலாம். சாரல் சீசனில் மூன்று மாதமும், பிறகு ஐயப்ப சாமிகள் வருகிற இரண்டு மாதமும் அவர்கள் அடுப்பு அணையாது. மற்ற மாதங்களில் லாரி டிரைவர்கள், லாட்ஜ் பையன்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று கொஞ்சம் பேர் வருவார்கள். சமையல் முழுக்க அக்கா. அவள் வைக்கிற மீன்குழம்புக்காகவே வருஷா வருஷம் மதுரையிலிருந்து வருகிற குடும்பங்கள் இருந்தன. அத்தான் கல்லாவிலும் பரிமாறுவதிலும் இருப்பார். ஒரே மகன் ராணுவத்தில் இருக்கிறான்; வடக்கே எங்கோ பனியில்.

அந்த வருஷம் சீசன் பாதியிலேயே அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து எழ ஆரம்பித்தாள். கால் வீங்கியது. நின்று வேலை பார்ப்பதால் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. அடுப்பு வெக்கை என்றாள். உடம்பெல்லாம் அரித்தது. சாரல் ஈரம் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள் என்று அத்தான் போன் செய்தார். நான் விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன்.

தென்காசியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கிரியாட்டினின் அளவைப் பார்த்ததும் உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார். அங்கே கிட்னி டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. இது நேற்று இன்று வந்ததில்லை, வருஷக்கணக்காக உள்ளே நடந்திருக்கிறது, சத்தமில்லாமல் நடக்கிற வியாதி இது என்றார். பயாப்சிக்குக் கிட்னியில் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். இவ்வளவு சுருங்கிய பிறகு ஊசி போடுவது ஆபத்து, போட்டாலும் வெறும் தழும்புதான் தெரியும் என்றார்.

அவர் நல்ல மனிதர். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி மாத்திரை அடிக்கடி போடுவார்களா? போடமாட்டாள். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம்? கிடையாது. வயலில் மருந்தடிக்கிற வேலை? கிடையாது. கல்லடைப்பு வந்ததுண்டா? இல்லை. வீட்டில் யாருக்காவது? இல்லை. குடிதண்ணீர்? குற்றாலத்துத் தண்ணீர். கடைசியில் அவர் கோப்பில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன உண்டோ அதை எழுதியிருந்தார்.

எனக்கு அந்த வரி பொறுக்கவில்லை. ஒரு பெண்ணின் இரண்டு கிட்னியும் சுருங்கியிருக்கின்றன. காரணம் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். பரிசோதனையில் விடை வரவில்லை என்று எழுதிக்கொண்டு வருகிற மாணவியை நான் திரும்ப அனுப்புவேன். மறுபடி செய்து பார் என்பேன். இங்கே யார் மறுபடி செய்வது?

காரணம் சொல்ல ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. தண்ணீர் குடிக்காததால் என்றாள் அத்தானின் தங்கை. புளி அதிகம் சேர்த்ததால் என்றார் பக்கத்துக் கடைக்காரர். யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்றும் பேச்சு வந்தது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் எரிந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அத்தானுக்கு உதவியாக நான் மெஸ்ஸில் தங்கினேன். கூட ஒரு சமையல்காரம்மாவை வைத்துக்கொண்டோம். மிளகாய் வத்தல் தீர்ந்துவிட்டது என்று அவர் கேட்க, எடுத்துவர நான் பின்பக்கம் இருந்த சாமான் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நான் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு. சீசன் முழுக்க அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். சன்னல் கிடையாது. முன்பக்கம் பலகைமேல் இருந்த மூட்டைகள் புதியவை. அவற்றில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுவரோரம் தரையில் கிடந்தவை பழையவை. ஒன்றின் வாயைப் பிரித்தேன். நெடி தொண்டையில் அடித்தது. வத்தலின் காம்போரம் சாம்பல் பூத்திருந்தது. ஒன்றை ஒடித்தேன், உள்ளே விதையைச் சுற்றிப் பச்சையும் கருப்புமாக இழையோடியிருந்தது. மல்லி கட்டி தட்டியிருந்தது. நிலக்கடலையைத் தொட்டதும் தூள் பறந்தது.

அத்தானைக் கூப்பிட்டு இதெல்லாம் என்ன என்று கேட்டேன். அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். சீசனுக்கு என்று மொத்தமாக வாங்கிப்போடுவது. மழை பிந்தினாலோ, அருவியில் தண்ணீர் விழாமல் கூட்டம் குறைந்தாலோ சாமான் மிஞ்சிவிடும். மிஞ்சியதில் ஈரம் ஏறிவிடும். வெளியாட்களுக்கு அதைப் போட அக்கா ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"அது நம்ம வீட்டுக்கு ஆகும்னு ஒதுக்கிருவா," என்றார். "நல்லாத் தொடச்சு, வெயில்ல ரெண்டு நாள் போட்டு, வறுத்துத் திரிச்சிட்டா ஒண்ணும் தெரியாதும்மா. எத்தன வருஷமா அப்படித்தான் சாப்புடுதோம்."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். மெஸ் ஆரம்பித்ததிலிருந்தே என்றார்.

எனக்கு அப்போது பூசணத்தைப் பற்றி அதிகம் தெரியாது. பூசணம் நஞ்சு என்று பொதுவாகத் தெரியும். நிலக்கடலையில் வருகிற ஒன்று ஈரலைக் கெடுக்கும் என்று எப்போதோ படித்த ஞாபகம். மிச்சமிருந்த விடுப்பில் உட்கார்ந்து படித்தேன். வத்தலிலும் மிளகிலும் தானியத்திலும் வளர்கிற சில பூசணங்கள் ஓக்ராடாக்சின் என்கிற நஞ்சைச் சுரக்கின்றன, அது கிட்னியைக் குறிவைக்கிற நஞ்சு என்று தெரிந்துகொண்டேன். வேதியியல்காரிக்குப் புரிகிற விஷயங்கள்தான் இன்னும் பயமுறுத்தின. மேலே பூத்ததைத் துடைத்தால் பூசணம் போகும். உள்ளே இறங்கிய நஞ்சு போகாது. வெயிலில் காய்ந்தாலும் போகாது. நாம் வறுக்கிற, கொதிக்கவைக்கிற சூட்டில் அது முழுசாக அழியாது. ரத்தத்துக்குள் போனால் அங்கே இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு லேசில் வெளியேறாது.

இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பதுபோல் கிட்னி டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தள்ளவும் இல்லை. பன்றிகளுக்கு இதனால் கிட்னி கெடுவது நன்றாகத் தெரிந்த விஷயம் என்றார். மனிதர்களைப் பொறுத்தவரை நெடுநாளாகச் சந்தேகம் இருக்கிறது, உறுதியாக நிரூபிக்க முடிந்ததில்லை என்றார். இவளுக்கு அதுதான் என்று உங்களால் சொல்ல முடியுமா என்றேன். முடியாது என்றார். இல்லை என்று சொல்ல முடியுமா என்றேன். அதுவும் முடியாது என்றார்.

ரத்தத்தில் அந்த நஞ்சு இருக்கிறதா என்றாவது பார்க்கலாமே என்று கேட்டேன். எங்கே பார்ப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்துதான் என் அலைச்சல் ஆரம்பித்தது. தென்காசியில் இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையங்களில் ஒன்றுவிடாமல் கேட்டேன். அந்தப் பெயரை எழுதிக்காட்டினால் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு டெஸ்ட் இல்லை மேடம் என்றார்கள். ஒரு பெண், காளானுக்கு அலர்ஜி டெஸ்ட் இருக்கு, எடுக்கீங்களா என்று கேட்டாள். திருநெல்வேலியில் பெரிய நிலையத்தில் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள்; சென்னையில் மும்பைக்குக் கேட்கிறோம் என்றார்கள்; மும்பையிலிருந்து பதிலே வரவில்லை. உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கிடைத்த பதில்தான் என்னை அதிகமாக வெறுப்பேற்றியது. வத்தலைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்; ரத்தத்தைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிற வத்தலில் என்ன இருக்கிறது என்று பார்க்க இந்த நாட்டில் இடம் இருக்கிறது. அந்த வத்தலைத் தின்றவளின் உடம்பைப் பார்க்க இடமில்லை.

இதற்கிடையில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். அவள் வருவதற்கு முந்தின நாள் நானும் அத்தானும் சுவரோரத்து மூட்டைகளை எல்லாம் வெளியே இழுத்து, குழி வெட்டிப் போட்டு மூடினோம். அத்தானுக்கு மனசே இல்லை. அவ வந்து கேட்டா நான் என்ன சொல்ல என்று புலம்பிக்கொண்டே மண் தள்ளினார். நான் ஒரு பை வத்தலை மட்டும் தனியாக எடுத்துக் கட்டிவைத்துக்கொண்டேன்.

அக்கா வந்ததும் அறையைப் பார்த்துவிட்டு என்னோடு பேசவில்லை. மறுநாள் சமையலறையில் பார்த்தால், பரணிலிருந்து ஒரு தூக்குவாளியை இறக்கி அதிலிருந்த பழைய வத்தல்பொடியைக் குழம்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். நல்ல பொடியைக் கீழே கொட்டச் சொல்லுதியா என்று கேட்டாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால் குறைக்கிறாள், தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் அளக்கிறாள். நான் சொன்னால் மட்டும் ஏறவில்லை. அந்தக் குழம்பைக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினேன். கோபத்தில்தான்.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருத்தி வெளியூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைவு வந்தது. ஏற்றுமதிச் சாமான்களைப் பரிசோதிக்கிற இடம். பல வருஷம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று போன் செய்து, அக்காவின் ரத்தத்தைப் பார்த்துச் சொல் என்றேன். கருவியால் பார்க்க முடியும், ஆனால் அது மருத்துவ ரிப்போர்ட் ஆகாது, என் கையெழுத்தோ கூடத்தின் பெயரோ எங்கேயும் வராது, தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றாள். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்றாள். அவர் ஒத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். ஒரு ஆளின் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது, ஒப்பிட்டுப் பார்க்க அத்தானுடையதும் என்னுடையதும் வேண்டும் என்றும் கேட்டாள்.

அத்தான் சட்டையை மடித்துக்கொண்டு உடனே கையை நீட்டினார். அக்காவைச் சம்மதிக்கவைக்கத்தான் நாளானது. டயாலிசிஸ் போகிற இடத்தில் எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள், அதில் ஒரு குழாய் கூட என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டாள். தெரிந்த லேப்காரர் எங்கள் மூன்று பேர் ரத்தத்திலிருந்தும் தெளிந்த நீரைப் பிரித்துக் கொடுத்தார். ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைத்து நானே கொண்டுபோனேன். கட்டிவைத்திருந்த வத்தல் பையையும் எடுத்துக்கொண்டேன். ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். எதிரே இருந்த அம்மாள் மீனா என்று கேட்டார்.

முடிவுக்காகக் காத்திருந்த வாரங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்வி காதில் விழாது. எனக்கு வேண்டியது ஒரு விடை. ஆம் என்று வந்தால் அதைப் பிடித்துக்கொள்வேன். இல்லை என்று வந்தால் விட்டுவிடுவேன். இரண்டில் ஒன்று வந்துதானே ஆகவேண்டும் என்று உறுதியாக நம்பினேன்.

தோழி போன் செய்தாள். வத்தலில் நிறைய இருக்கிறது என்றாள். அந்தச் சரக்கு கப்பலுக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம் என்றாள். ரத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அக்காவின் ரத்தத்தில் இருக்கிறது. அத்தானுடையதிலும் இருக்கிறது, அக்காவைவிடக் குறைவாக. உன்னுடையதிலும் இருக்கிறது, இன்னும் குறைவாக என்றாள்.

என்னுடையதிலா என்று கேட்டேன். நான் அந்த வீட்டில் சாப்பிட்டதே அபூர்வம்.

"எல்லார் ரத்தத்திலயும் கொஞ்சம் இருக்கும்ப்பா," என்றாள். "காப்பில, கடையில வாங்குற பொடியில, அரிசில, எங்கேயிருந்தாவது வரும். எவ்வளவு இருந்தா கிட்னி போகும்னு யாரும் கோடு போட்டு வைக்கல. நான் உனக்கு அளவைத்தான் சொல்ல முடியும். அர்த்தத்தைச் சொல்ல முடியாது."

அந்த அளவுகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கிட்னி டாக்டரிடம் போனேன். அக்காவுக்குத்தான் அதிகம், பாருங்கள் என்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"டீச்சர், இந்த நஞ்சு ஓரளவுக்குக் கிட்னி வழியாத்தான் வெளியே போகணும். அவங்களுக்குக் கிட்னி வேலை செய்யல. அப்ப உள்ள போனது வெளியேறாமத் தேங்கத்தான் செய்யும். இது இருந்ததால கிட்னி போச்சா, கிட்னி போனதால இது இருக்கா? இந்தக் காகிதத்தை வச்சு என்னால சொல்ல முடியாது."

அப்படியானால் எதை வைத்துச் சொல்ல முடியும் என்று கேட்டேன். நோய் வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் இருந்தால், அப்போதிலிருந்து வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே வந்திருந்தால் ஏதாவது சொல்லலாம் என்றார். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு மெஸ்காரியின் ரத்தத்தை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? பழைய வத்தல்கள் குழம்பாகிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் எடுத்துக்கொண்டு போனதோ கடைசி மூட்டையில் ஒரு பை. ஆஸ்பத்திரி வாசலில் சர்பத் கடைக்காரர் பக்கத்தில் நின்று அழுதேன். துக்கத்தில் அழுதேன் என்று சொல்ல முடியாது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அக்காவிடம் விஷயத்தை மறைக்க நினைக்கவில்லை. அன்று அவளுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேர் ரத்தத்திலும் இருப்பதைச் சொன்னேன், அவளுக்கு அதிகம் என்பதைச் சொன்னேன், டாக்டர் கைவிரித்ததையும் சொன்னேன். வேறொரு பெரிய ஊரில் இதைப் பற்றித் தெரிந்த டாக்டர் யாராவது இருப்பார், தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, அவரும் அதைத்தானே தின்னாரு, அவருக்கு ஏன் ஒண்ணும் ஆகல என்று கேட்டாள். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏட்டி, நீ எனக்கு நல்லது செய்யுதேன்னுதான் நினைக்க. நான் என்ன நினைக்கேன் தெரியுமா? இவ்வளவு தூரம் அலைஞ்சு கடைசில என்னத்தக் கண்டுபிடிக்கப்போற? என் கையாலயே எனக்கு வெஷம் வச்சுக்கிட்டேன்னுதான. அவருக்கும் வச்சேன், எம் மகனுக்கும் வச்சேன். அதத்தான கொண்டுவந்து என் கையில குடுக்கப்போற? காரணம் தெரியலன்னு அந்த டாக்டர் எழுதுனாருல்லா. அது எனக்குப் போதும்டி. அத அழிச்சிராத."

மகன் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. பிள்ளைப் பருவம் முழுக்க அவனும் அந்தச் சாப்பாட்டில்தான் வளர்ந்தான். அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், மூட்டைகள் இல்லாத சுவரோரத்தைப் பார்த்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவனுக்குப் போன் செய்து, அங்கே ஒருமுறை கிட்னி பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். ராணுவத்தில் அதெல்லாம் அடிக்கடி பார்ப்பார்கள் சித்தி, எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். அக்காவிடம் சொன்னேன். அன்று அவள் கொஞ்சம் சாதம் கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று அத்தான் சொன்னார்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒத்துக்கொள்ள மட்டும் இன்றுவரை முடியவில்லை. இந்தச் சாலையில் எத்தனை மெஸ், எத்தனை பலகாரக்கடை, எத்தனை சாமான் அறை. ஒவ்வொன்றின் பின்சுவரிலும் அதே மலை ஈரம். மிஞ்சியதைத் துடைத்துக் காயப்போட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்கிற பெண்கள் அத்தனை வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது நாளைக்குக் கால் வீங்கினால் சர்க்கரையா என்றுதான் கேட்பார்கள். உணவுத்துறை அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னேன். எந்தக் கடைமீது புகார் என்று கேட்டார்கள். கடைமீது புகார் இல்லை, கடையில் விற்றதெல்லாம் நல்ல சாமான், வீட்டில் சாப்பிட்டதுதான் கெட்டது என்றேன். வீட்டில் சாப்பிடுவதற்கு நாங்கள் என்ன செய்யமுடியும் என்றார் அந்த அதிகாரி. அவர் கேட்டதிலும் தப்பில்லை. எதிரே இருந்தவர்கள் யார் பேரிலும் தப்பில்லாமல் போனதுதான் என் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது.

அடுத்த வருஷம் மெஸ்ஸை வாடகைக்கு விட்டார்கள். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி எடுத்தார்கள். அத்தானும் அக்காவும் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலை, தென்காசியில் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் திரும்புகிறபோது அக்கா குற்றாலத்துக்கு விடச் சொன்னாள். அவளுக்கு முடியாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. மெஸ் வாசலில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே பின்பக்கம் போனாள். சாமான் அறையில் புது மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த ரூமுல எதையும் வைக்காத தாயி, எல்லாத்தையும் முன்னறைக்கு மாத்திரு, மிஞ்சுனா கொறச்ச விலைக்காவது வித்துரு, வீட்டுக்குன்னு வச்சுக்கிடாத என்றாள். அந்தப் பெண் ஏன் என்று கேட்டதற்கு, ஈரம் என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோவில் வருகிறபோது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், அப்போ நீ நம்புகிறாயா அக்கா என்று. அவள் கையில் கட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே, ஈரம்னுதான் சொன்னேன் என்றாள்.

இப்போதும் வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமைகளில், நான் அவளோடு டயாலிசிஸுக்குப் போகிறேன். மற்ற நாட்களில் அத்தான் போவார். நான்கு மணி நேரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டோம். புதிதாக யாராவது வந்தால் எங்கள் கூட்டமும் அவர்களிடம் சர்க்கரையா என்றுதான் கேட்கிறது.

போன மாதம் சுரண்டையிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான ஆள். அக்காவின் பக்கத்துப் படுக்கை. உள்ளே கூப்பிடுவதற்காக எல்லோரும் வெளியே காத்திருந்தபோது, சர்க்கரையெல்லாம் கிடையாதுங்க, பிரஷரும் கிடையாது, என்னத்தால வந்துச்சுன்னே தெரியலங்காங்க என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், என்ன வேலை அண்ணாச்சி என்று கேட்டேன். மக்காச்சோளமும் கடலையும் பயிர் வைக்கிற சம்சாரி என்றார். அறுவடையை எங்கே வைப்பீர்கள், மழையில் நனையுமா, நனைந்ததை என்ன செய்வீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, அவரையாவது சும்மா விடு."

அவர் என்னைப் பார்த்து, எதுக்குக் கேக்கிய, டாக்டரம்மாவா என்றார். இல்லை, டீச்சர் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். போன ஐப்பசி மழையில் கடலை நனைந்தது, வியாபாரி எடுக்க மறுத்தது, வீட்டு மச்சில் பரப்பிக் காயவைத்து அவ்வளவையும் வீட்டுக்கே வைத்துக்கொண்டது. நர்ஸ் வந்து அவரையும் அக்காவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அக்கா போய்ப் படுத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் என் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அவர் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒரு ஆளும் நினைவுக்கு வரவில்லை.